அறிவியல் கல்வியின் வாயிலில் நம் பிள்ளைகள்

(ஆடித் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற மாணவர் நலச் சிறப்புப் பூசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன் குருக்கள் ஐயா அவர்கள் மாணவர்களின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அர்ச்சனை செய்தார்கள். அப்பெயர்களுக்கு உரியோருள் பலர் எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்று மெட்ரிகுலேஷன் கல்லூரியிலோ, ஆறாம் படிவத்திலோ, பல்கலைக்கழக அடித்தளக் கல்வியிலோ அண்மையில் சேர்ந்தவர்கள். அவர்களுள்ளும் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்களை மனத்தில் வைத்தே இன்று பேச விழைகின்றேன். இடம் கிடைத்த நாளில் வீடு முழுதும் மகிழ்ச்சி பொங்கியது, உறவினர்கள் வாழ்த்தினார்கள். ஆனால், கல்லூரி வாயிலை மிதித்த சில நாள்களுக்குள், யாரிடமும் சொல்ல இயலாத ஓர் அச்சம் அப்பிள்ளைகளின் நெஞ்சில் குடிபுகுந்து விடுகின்றது. 'இந்த இடத்துக்கு நான் தகுதியானவன்தானா? தவறி வந்து விட்டேனா?' என்று இரவில் கண்விழித்து எண்ணுகின்ற பிள்ளைகள் இம்மண்டபத்திலேயே இருக்கக்கூடும்.

அவர்களுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே. அச்சம் தகுதியின்மைக்குச் சான்று அன்று. அது தனிமையில் வளர்வது, துணையிருந்தால் தேய்வது. எஞ்சிய நேரத்தில் இதனையே விரித்துரைக்க முயல்கின்றேன்.

அச்சம் எங்கிருந்து வருகின்றது?

முதற்காரணம், அளவுகோல் மாறி விடுவது. நேற்று வரை நம் பிள்ளை தன் பள்ளியில் முதல் மாணவன். இன்று அவன் அமர்ந்திருக்கும் விரிவுரை மண்டபத்தில் உள்ள அனைவருமே தத்தம் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். 2024ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்களிலும் அதற்கு மேலும் 'ஏ' பெறும் மாணவர் அனைவருக்கும் இனவேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அவ்வாறு வருவோர் கூடும் அவையில் எத்தனை பேர் முதலிடம் பெற முடியும்? ஒருவர்தாம். எந்த வகுப்பாயினும் ஏறக்குறையச் சரிபாதிப் பேர் நடுவுக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். இது கணக்கு, தலையெழுத்து அன்று. முதல் சோதனையில் வகுப்பின் நடுவில் நிற்கும் பிள்ளை அறிவில் குறைந்து விடவில்லை. அவனைச் சுற்றி நிற்பவர்கள்தாம் மாறியிருக்கின்றார்கள்.

இரண்டாவது காரணம், பாடத்தின் ஆழம். ஐந்தாம் படிவம் வரை வேதியியலில் எலெக்ட்ரான்கள் 2, 8, 8 என்று அடுக்கடுக்காக நிற்கும் என்று கற்றோம். கால்சியம் அணுவை 2.8.8.2 என்று எழுதி முழு மதிப்பெண் பெற்றோம். கல்லூரியில் நுழைந்தவுடன் மூன்றாம் அடுக்கில் 18 எலெக்ட்ரான்கள் வரை இருக்கலாம் என்றும், எஸ், பி, டி என்னும் உள்வகைகள் உண்டென்றும் சொல்கின்றார்கள். மாணவன் திகைக்கின்றான். தான் கற்றது பொய்யோ என்று மயங்குகின்றான். பொய்யன்று, அது ஏணியின் முதற்படி. முதற்படியில் உறுதியாக நின்றவனுக்கே இரண்டாம் படி கண்ணில் படும். எனவே அந்தத் திகைப்பு பாடம் உள்ளே நுழைவதன் அறிகுறியே.

மூன்றாவது காரணம், மொழி. நம் பிள்ளைகளுள் பலர் தமிழ்ப்பள்ளியில் தொடங்கியவர்கள். நானும் அவ்வாறே தொடங்கியவன். ஈரத்துணி காய்வதை நாம் 'நீராவியாதல்' என்று கற்றோம். இடைநிலைப்பள்ளியில் அதுவே 'பெஞெஜாத்தான்' ஆயிற்று. மெட்ரிகுலேஷனில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடத்தப்படுவதால், அதுவே 'இவாப்பரேஷன்' ஆகின்றது. விசை என்றோம், 'டாயா' என்றார்கள், இப்பொழுது 'போர்ஸ்' என்கின்றார்கள். பெயர் மூன்று, பொருள் ஒன்று. விரிவுரையாளர் விரைந்து பேசும்போது புதிய பெயர் பிடிபடாமல் போனால், பொருளே தெரியவில்லை என்று பிள்ளை தவறாக முடிவு கட்டி விடுகின்றது. உண்மையில் அதற்குப் பொருள் தெரியும், பெயர்தான் தெரியாது. பெயரைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அன்றியும், ஒரே பொருளை மூன்று மொழிகளில் சிந்தித்துப் பழகிய மனம் எளிதில் தளர வேண்டுவதில்லை.

நான்காவது காரணம், வீட்டைப் பிரிதல். கோப்பெங், கம்பாங், தங்காக், குவாலா பிலா என்று கல்லூரிகள் பல ஊர்களில் அமைந்துள்ளன. அவை தங்கிப் பயிலும் கல்லூரிகள். அம்மாவின் கைச்சோறும் அப்பாவின் குரலும் இல்லாத முதல் இரவில், ஒரு கணக்கு விளங்காமற் போனால் அது மலையாகத் தோன்றுவது இயல்பு.

அச்சம் பெரியோர்க்கும் உண்டு

அச்சப்படுவதே இழுக்கு என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறாயின், கற்றவர் கூடிய அவையில் பேச அஞ்சாமையைக் குறித்து வள்ளுவப் பெருந்தகை 'அவையஞ்சாமை' என்று தனி அதிகாரமே வகுத்திருக்க வேண்டியதில்லை. கற்றவர்க்கும் அவை நடுக்கம் உண்டு என்பதை அறிந்ததால் அன்றோ அதனைப் பாடுபொருளாகக் கொண்டார்! அரசு அலுவலகத்தில் புதிதாகப் பணியேற்கும் பட்டதாரிகளும் முதல் மாதம் ஒரு கோப்பைத் திறக்கத் தயங்கவே செய்கின்றனர். ஆறாம் மாதத்தில் அதே கோப்பை மற்றவர்க்கு விளக்குகின்றனர். இடையில் அவர்கள் அறிவு திடீரென வளர்ந்து விடவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டார்கள், பழகினார்கள், அவ்வளவே.

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவரை நாம் அனைவரும் பார்த்திருக்கின்றோம். 272 படிகளையும் அவர்தாம் ஏற வேண்டும். அவர் தோளில்தான் பாரம். ஆயினும், அவர் தனியே செல்கின்றாரா? ஒருவர் முன்னே வழி விலக்குகின்றார். ஒருவர் தண்ணீர் ஏந்தி வருகின்றார். ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, கால் தளரும் இடத்தில் அதனைப் போட்டு அமர வைக்கின்றார். சுற்றி நிற்போர் 'வேல் வேல்' என்று முழங்குகின்றனர். முக்காலியில் சற்று அமர்ந்ததனால் அவர் காவடி காவடியாகாமற் போய்விடுமா? கல்வியும் அத்தகையதே. சுமப்பது பிள்ளைதான், ஆனால், உடன் செல்வோர் வேண்டும்.

தனியே படித்தவர்களும் சேர்ந்து படித்தவர்களும்

இதற்கு உலக அனுபவமும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆய்வு மாணவர் ஒன்றைக் கவனித்தார். உயர்நிலைப்பள்ளியில் சிறந்து விளங்கிய கறுப்பின மாணவர் பலர் கல்லூரியின் நுண்கணித வகுப்பில் தோல்வியடைந்தனர். காரணம் என்ன என்று பேராசிரியர்களைக் கேட்டார். ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, குடும்ப ஆதரவு இல்லை, வறுமை என்று பலவாறு விடை வந்தது. டிரைஸ்மன் அதனை அப்படியே ஏற்கவில்லை. கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன மாணவர் 20 பேரையும் தேர்ந்துகொண்டு, அவர்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை அருகிருந்து பார்த்தார்.

அவர் கண்டது வேறு. கறுப்பின மாணவர்க்கு ஊக்கம் குறையவில்லை. குடும்பத்தின் ஆதரவும் இருந்தது. ஆனால், அவர்கள் தனித்தனியே படித்தனர். கணக்கு வரவில்லை என்றால் தமக்கே அறிவில்லை என்று கருதி, மேலும் ஒதுங்கினர். சீன மாணவர்களோ முதலில் தனியே படித்து, பிறகு ஒன்றாகக் கூடினர். விடைகளை ஒப்பிட்டனர், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினர், ஒரு கணக்கு எவருக்குமே வரவில்லை என்றால், கணக்குதான் கடினமானது, தாங்கள் மூடர்கள் அல்லர் என்று தெளிந்தனர். இதனைக் கண்ட டிரைஸ்மன் கறுப்பின மாணவரைக் கூட்டிக் குழுப்பயிற்சி தொடங்கினார். பின்தங்கியோர்க்கான வகுப்பு என்று அதற்குப் பெயரிடவில்லை. எளிய கணக்கையும் கொடுக்கவில்லை. மேலும் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் செய்தார். அவர்களின் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது. கல்லூரியில் சிறுபான்மையாய் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் இச்செய்தியை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இது நமக்குப் புதிதும் அன்று. பண்டைத் திண்ணைப் பள்ளியில் 'சட்டாம்பிள்ளை' என்னும் மூத்த மாணவன் இளையவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஓர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், அங்குள்ள நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அமைத்தார். அதனை 1797ஆம் ஆண்டு இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்த முறையை நாம் மறந்து, 'அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே படி' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

மாணவச் செல்வங்களுக்கு

முதலாவதாக, முதல் இரண்டு வாரங்களுக்குள் மூவரோ நால்வரோ சேர்ந்த ஒரு படிப்புக் குழுவில் இணையுங்கள். அக்குழுவில் நம்மவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. மலாய், சீன நண்பர்களும் இருந்தால் மொழித் தடை விரைவில் நீங்கும். முதலில் தனியே முயன்று பார்த்துவிட்டே குழுவிற்குச் செல்லுங்கள். வெறுங்கையுடன் சென்றால் கேட்பவராகவே இருந்து விடுவீர்கள்.

இரண்டாவதாக, டியூட்டோரியல் வகுப்பில் வாரந்தோறும் ஒரு வினாவேனும் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். வள்ளுவர் 'கல்வி' என்ற அதிகாரத்துடன் நில்லாமல், 'கேள்வி' என்றும் ஓர் அதிகாரம் வைத்துள்ளார். கற்றவர் சொல்லக் கேட்பதும் கல்வியின் பாதியாகும்.

மூன்றாவதாக, படித்ததையே மீண்டும் மீண்டும் வாசித்துக்கொண்டிராமல், நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் வாசித்தவர்களே முந்தினர். ஆனால், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அன்றோ!

நான்காவதாக, மூன்று மொழிச் சொற்குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் அறிந்த சொல், மலாயில் அறிந்த சொல், ஆங்கிலச் சொல் என்று நாளுக்குப் பத்து எழுதினால், ஒரு மாதத்தில் முந்நூறு சொற்கள் உங்கள் வசமாகும்.

ஐந்தாவதாக, முதல் சோதனையின் மதிப்பெண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். ஓராண்டு மெட்ரிகுலேஷனில் 2 பருவங்கள் உண்டு. ஆறாம் படிவத்தில் 3 பருவங்கள் உண்டு. அங்கு முதற்பருவத்தில் சரிந்தவர் அத்தேர்வை மீண்டும் எழுதித் தரத்தை உயர்த்தவும் வழியுண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்குத் தேர்ச்சி 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கை 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. எனவே, அச்சத்தால் அறைக்குள் முடங்கி விளையாட்டையும் கழகங்களையும் துறப்பது எவ்வகையிலும் ஆதாயமன்று.

இத்தனையும் செய்தும் வாரக்கணக்கில் உறக்கம் இல்லை, உணவு இறங்கவில்லை என்றால், கல்லூரி ஆலோசகரை அணுகுங்கள். அது முக்காலியில் சற்று அமர்வது போன்றதே, வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்கு முயன்று பார்த்த பின், இத்துறை தன் மனத்துக்கு உகந்ததன்று என்று தெளிந்து வேறு துறைக்குச் செல்வதும் தோல்வி அன்று. அச்சத்தால் ஓடுவது வேறு. அறிந்து திரும்புவது வேறு.

பெற்றோர்களுக்கு

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தந்தை லாரி ஓட்டுநர். மகள் அறிவியல் பிரிவில் இடம் பெற்றுக் கல்லூரி சென்றாள். மூன்றாம் வாரம் தொலைபேசியில் அழுதாள். 'அம்மா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வீட்டுக்கே வந்து விடுகின்றேன்' என்றாள். அந்தத் தாய் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவர் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. 'நாங்கள் பட்ட பாடெல்லாம் வீணா?' என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: 'நீ யாரோடு உட்கார்ந்து படிக்கின்றாய், அம்மா?' மகளிடம் விடை இல்லை. 'சரி, சனிக்கிழமை வா. சாப்பிட்டுத் தூங்கு. ஞாயிறு மாலை திரும்பிப் போய், உன்னோடு உட்கார ஒருத்தியைத் தேடு. முதல் சோதனை முடியட்டும். அதன் பிறகு நீ எடுக்கும் முடிவுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்' என்றார்.

அப்பெண் திரும்பிச் சென்றாள். அவளுக்குக் கணிதம் வரும், வேதியியல் வராது. அடுத்த அறையிலிருந்த மலாய்த் தோழிக்கு வேதியியல் வரும், கணிதம் வராது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அவள் கல்லூரியில் முதலிடம் பெறவில்லை, மருத்துவமும் கிடைக்கவில்லை. உணவு அறிவியல் பயின்று பட்டம் பெற்று, இன்று ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மதிப்புடன் பணியாற்றுகின்றாள். அன்று அந்தத் தாய் வேறொரு வார்த்தை பேசியிருந்தால், அவள் கதை மூன்றாம் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

பெற்றோர்களே, வேதியியலை நாம் கற்றுக்கொடுக்க இயலாமல் இருக்கலாம். ஆனால், அந்தத் தாய் கேட்ட கேள்வியை நம் அனைவராலும் கேட்க முடியும். தொலைபேசியை எடுத்தவுடன் 'எத்தனை மதிப்பெண்?' என்று கேளாதீர்கள். 'சாப்பிட்டாயா? யாரோடு படித்தாய்?' என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் இச்சன்னிதியில் துணிந்து சொல்ல வேண்டியுள்ளது. பிள்ளை மருத்துவராக வேண்டும் என்று நாம் நேர்த்திக்கடன் வைக்கின்றோம். வைப்பது தவறன்று. அது நமக்கும் அன்னைக்கும் இடையே உள்ள உடன்பாடு. அதனைப் பிள்ளையிடம் நாள்தோறும் நினைவூட்டி, 'உனக்காகத்தான் பால்குடம் எடுத்தேன். தீ மிதித்தேன்' என்று சொல்லும்போது, நம் வேண்டுதலே அதன் தோளில் இன்னொரு பாரமாகி விடுகின்றது. பிறகு, மதிப்பெண் குறைந்தால் அது நம்மிடம் மட்டுமா அஞ்சும்? கோயிலுக்கு வரவே அஞ்சும். பக்தி பிள்ளைக்குப் புகலிடமாக இருக்க வேண்டுமே தவிர, மற்றுமொரு தேர்வு மண்டபமாக ஆகிவிடக் கூடாது.

ஆலயத்திற்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, நிர்வாகக் குழுப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். இம்மண்டபத்தில் திருமணங்கள் நடைபெறுகின்றன, அன்னதானம் நடைபெறுகின்றது. விழா இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணி நேரம், பத்து மேசைகளும் ஒரு வெண்பலகையும் போட்டு மாணவர்க்குத் திறந்து விடுங்கள். கூலி கொடுத்து ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பதில்லை. நம் உறுப்பினர்களின் பிள்ளைகளுள் பொறியியலும் மருந்தியலும் கணிதமும் பயில்வோர் பலர் உள்ளனர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்கள் சட்டாம்பிள்ளைகளாக அமரட்டும். 'எனக்கும் முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை, தம்பி' என்று ஓர் அண்ணனோ அக்காளோ சொல்லக் கேட்டாலே, இளையவர் அச்சத்தில் பாதி விலகிவிடும். மீதிப் பாதியைப் பயிற்சி விலக்கும்.

தேர் பெரிது; ஒருவர் இழுத்தால் அசையாது. வடத்தில் பலர் கை வைக்கும்போது அது தெருவெல்லாம் உலா வருகின்றது. நம் பிள்ளைகளின் கல்விக்கும் ஒரு வடம் உண்டு. மாணவன், தோழர், மூத்தோர், பெற்றோர், ஆலயம் என அனைவரும் அதில் கை வைப்போமாக. அன்னை துணை நிற்பாள்.